மதுரையில் இரண்டு நாள்: சாப்பிட வரும் பிள்ளைகளுக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலோ பெங்களூரிலோ ரயிலேறி, சனிக்கிழமை காலையில் மதுரை ஜங்ஷனில் இறங்கி, ஞாயிறு ராத்திரியே திரும்பிப் போகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். மீனாட்சியைக் கும்பிடுவது ஒரு காரணம், சாப்பாடு இன்னொரு காரணம். போனில் இருபது கடைப் பெயரைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். அதில் பாதியைப் பார்ப்பதற்குள் வயிறு கெட்டு, மீதி நேரம் லாட்ஜில் படுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கையில் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. அதைச் செய்கிற கை என்று ஒன்றும் உண்டு. அந்த நேரத்தில் அந்தக் கையிடம் போய் நின்றால் இரண்டு நாளே தாராளம். இந்தத் தெருக்களில் சாப்பிட்டே வளர்ந்தவன் என்கிற உரிமையில், முதல் தடவை வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

1. கடைப் பெயரை வைத்துத் திட்டம் போடாதீர்கள். மணியை வைத்துப் போடுங்கள்.

விடிவதற்கு முன்னால் பருத்திப்பால். ஆறு மணியிலிருந்து ஒன்பதுக்குள் இட்லி, பொங்கல், வடை. பன்னிரண்டரைக்கு மேல் மெஸ் சாப்பாடு. நாலு மணிக்கு மேல் ஜிகர்தண்டாவும் பஜ்ஜி வடையும். விளக்கு வைத்த பிறகு பரோட்டா, கறி தோசை. பத்து மணிக்கு மேல் மறுபடியும் இட்லி. மீனாட்சியம்மன் கோயிலும் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குத் திறக்கிறது என்பதால், கோயிலுக்குப் போகும் நேரமும் இதற்குள் தானாகவே பொருந்திவிடும்.

மதியம் இரண்டு மணிக்குப் பரோட்டா கேட்டாலும் ஏதாவது ஒரு கடையில் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அது எப்போதோ போட்டு அடுக்கி வைத்ததாக இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குக் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு நாலைந்தை அடுக்கி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தட்டி, படலம் படலமாகப் பிரித்து இலையில் போடுவார்களே, அதைச் சாப்பிட்டவர்கள் மதியப் பரோட்டாவைத் தொட மாட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாடு இந்த ஊருக்குப் புதிதில்லை. சங்க காலத்து மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இங்கிருந்த நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடியிருக்கிறார். நடு ராத்திரி தாண்டி, அடையும் மோதகமும் விற்ற களைப்பில் இருந்த இடத்திலேயே கண்ணயர்ந்துவிட்ட வியாபாரிகள்கூட அதில் வருகிறார்கள். தூங்கா நகரம் என்று இந்த ஊரைச் சொல்வது வெறும் பெருமைப் பேச்சில்லை.

2. ஒரு வேளைக்கு ஒரு பண்டம். இரண்டு பேருக்கு ஒரு தட்டு.

நாலு பேராக வந்தால் ரொம்ப நல்லது, ஒரே வேளையில் இரண்டு மூன்றைப் பங்கு போடலாம். கறி தோசை ஒன்று, கொத்துப் பரோட்டா ஒன்று, கோலா உருண்டை ஒரு தட்டு என்று வாங்கி நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவிட்டால் திரும்பக் கேட்கலாம். வாங்கியதை மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். சமைத்தவர் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்.

3. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்குள் தங்குங்கள்.

மதுரை வீதிகள் கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்தவை. மதிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்தது ஆவணி மூல வீதி, அதற்கடுத்தது மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஜங்ஷன் மேல வெளி வீதியில் இருக்கிறது. மாசி வீதிகளுக்குள் அறை எடுத்தால் காலைச் சாப்பாடும் சாயங்காலப் பலகாரமும் நடை தூரத்தில் கிடைக்கும். நடப்பதுதான் அடுத்த வேளைக்குப் பசி எடுக்க வழி. கறிச் சாப்பாட்டுக்குப் பேர் போன மெஸ்கள் சிலவற்றுக்கு வைகையைத் தாண்டித் தல்லாகுளம் போக வேண்டும். அதற்கு மட்டும் ஆட்டோ பிடியுங்கள்.

4. எந்தக் கடை என்று கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

“நல்ல ஓட்டல் எங்கே இருக்கு?” என்று கேட்டால், வெளியூர்க்காரருக்கு ஏற்றது என்று நினைத்துப் பெரிய போர்டு போட்ட இடத்தைக் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, உங்களை மரியாதையான இடத்துக்கு அனுப்ப நினைக்கிறார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, இன்னைக்குக் காலைல நீங்க எங்க சாப்பிட்டீங்க?” ஆட்டோக்காரர், பூக்கட்டுகிற அக்கா, கீழமாசி வீதியில் பலசரக்கு மூட்டை இறக்குகிறவர், விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைப் பையன்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். தினமும் சாப்பிடுகிற கடையில் ஏமாந்துகொண்டே இருக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. அவர்கள் கை காட்டுகிற இடம் சந்துக்குள் இருக்கும், பெயர்ப் பலகைகூட இருக்காது. தைரியமாகப் போகலாம்.

வீடியோவில் வந்த கடைகள் எல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. சில கடைகள் அந்தப் பெயருக்குத் தகுதியானவை. வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். எல்லோரும் உங்களைப் போலவே பையை மாட்டிக்கொண்டு நின்றால், அடுத்த தெருவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே ஒரு பண்டத்தை மட்டும் வருஷக்கணக்கில் செய்கிற கடை கண்ணில் பட்டால் யோசிக்காமல் உட்காரலாம்.

5. உட்காருவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

தட்டை எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள்? ஒரே வாளியில் முக்கி முக்கி எடுத்தால் அங்கே தட்டில் சாப்பிட வேண்டாம், வாழை இலை கேளுங்கள். வடைச் சட்டியில் எண்ணெய் என்ன நிறம்? கருத்து, நுரை கட்டி, புகைந்துகொண்டிருந்தால் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் அது. அப்படிக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் மொத்த துருவச் சேர்மங்களுக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 25 சதவீதம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. தெருவில் அளந்து பார்க்க முடியாது, கண்ணும் மூக்கும்தான் கருவி. வடையைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் இலைத்துண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது சட்னி. தேங்காய்ச் சட்னி நம் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும். இட்லி ஆவி பறக்க வந்தாலும் சட்னி வாளியின் அடியில் இருந்து வருகிறதா, புதிதாக அரைத்து வந்ததா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் சாம்பாரும் மிளகாய்ப்பொடியும் போதும். தெருச் சாப்பாட்டில் வயிறு கெட்டவர்கள் பெரும்பாலும் சூடான பண்டத்தைக் குற்றம் சொல்வார்கள். பாதி நேரம் வம்பு செய்வது சட்னியும் தண்ணீரும்தான். குடிக்கிற தண்ணீரை லாட்ஜிலிருந்து பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

6. முதல் வேளை இட்லியாக இருக்கட்டும்.

ராத்திரி முழுக்க ரயிலில் வந்த வயிற்றுக்கு அதுதான் நல்லது. மதுரை இட்லிக்குப் பேர் வந்ததற்கு மாவு ஒரு காரணம், சுற்றி வருகிற சட்னிகள் இன்னொரு காரணம். தேங்காய், தக்காளி, மல்லி, காரச் சட்னி என்று வரிசையாக ஊற்றுவார்கள். முருகன் இட்லிக் கடை இங்கிருந்து கிளம்பித்தான் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனது. இங்கே இருக்கிற அதன் கடையில் உட்கார்ந்து ஒரு தடவை சாப்பிடுங்கள். ஆனால் தெருவோரத்தில் ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு, ஒரு முக்காலியோடு கடை போட்டிருக்கிற அம்மாவிடமும் ஒரு வேளை சாப்பிடாமல் ஊர் திரும்பாதீர்கள். துணி போட்டு ஊற்றிய இட்லி. துணியைத் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது இட்லியின் அடியில் நெசவு வரி பதிந்திருக்கும். அதை விரலால் அமுக்கினால் திரும்ப எழும்பி நிற்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் விலை பேரம் பேசாதீர்கள். இந்த ஊர்க் கதையில் வருகிற வந்தி, புட்டு அவித்து விற்ற கிழவி. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கொரு ஆள் வர வேண்டும் என்று அரசன் உத்தரவு போட்டபோது, அவளுக்கு ஆளாகச் சிவனே கூலிக்கு வந்தார், உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமந்தார், வேலையில் அசந்து தூங்கிப் பிரம்படியும் பட்டார். ஆவணி மாதம் புட்டுத் திருவிழா அதற்காகத்தான் நடக்கிறது. தெருவில் பலகாரம் விற்கிற கிழவிக்குச் சாமியே கூலியாளாக வந்த ஊர் இது. ஐந்து ரூபாய்க்கு அவளிடம் வாதாட வேண்டாம்.

7. மெஸ்ஸில் விலையைக் கேட்டுவிட்டுத் தட்டை எடுங்கள்.

கறிச் சாப்பாட்டு மெஸ்ஸில் உட்கார்ந்ததும் இலை போட்டு, சோறு வைத்து, மட்டன், கோழி, மீன், நண்டு என்று எந்தக் குழம்பு வேண்டும் என்று கேட்பார்கள். அடுத்து ஒருவர் பெரிய தாம்பாளத்தில் சின்னச் சின்னத் தட்டுகளாக அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார். சுக்கா, ஈரல், குடல், மூளை, சுவரொட்டி, தலைக்கறி, கோலா உருண்டை, இறால். பார்க்கிற கண்ணுக்கு எல்லாமே வேண்டும் போல இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை. “அண்ணே, இது எவ்வளவு?” என்று கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை, அவர்களும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு தட்டு போதும்.

அயிரை மீன் குழம்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். விரல் நீளம்கூட இல்லாத கண்மாய் மீன். உயிரோடு வாங்கிவந்து, தேங்காய்ப் பாலிலோ பாலிலோ விட்டால் வயிற்றில் இருக்கிற சேற்றையெல்லாம் கக்கிவிடும். பிறகு கல் உப்புப் போட்டு உரசிக் கழுவி, முழு மீனாகவே புளிக்குழம்பில் போடுவார்கள். தலை, முள் என்று பிரிக்க வேண்டியதில்லை, அப்படியே சாப்பிடலாம். ஒரு கிண்ணம் குழம்புக்குப் பின்னால் அரை நாள் வேலை இருக்கிறது. விலை கூடுதலாக இருந்தால் அதனால்தான். தல்லாகுளத்தில் குமார் மெஸ், சந்திரன் மெஸ் பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள். அம்மா மெஸ்ஸில் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை எடுத்துப் போடுகிற ஆம்லெட் உண்டு. அதை இரண்டு பேர் பங்கு போட்டுச் சாப்பிட வேண்டும், அவ்வளவு கனம்.

கறி தோசைக்குச் சிம்மக்கல் கோனார் கடை. தோசைக் கல் பக்கத்தில் இடம் கிடைத்தால் நின்று பாருங்கள். மாஸ்டர் மாவைக் கனமாக ஊற்றுவார், மேலே அடித்த முட்டை, முட்டை இறுகுவதற்குள் வெந்த கொத்துக்கறியைக் குழம்போடு அள்ளி வைத்துப் பரப்பி, சுற்றிலும் எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு அமுக்குவார். கறி கல்லில் படுகிறபோது எழும் மணத்துக்காகவே மூன்றாவது தடவை வருகிறவர்கள் இருக்கிறார்கள். கீழே மெத்தென்ற தோசை, நடுவில் முட்டை, மேலே ஓரம் மொறுமொறுத்த கறி. ஒன்று சாப்பிட்டாலே ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது.

8. சைவப் பிள்ளைகள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பரோட்டாக் கடைச் சால்னாவில் காய் மிதந்தாலும் அது கறிச் சாறில் கொதித்ததாக இருக்கலாம். “சைவச் சால்னா தனியா இருக்கா?” என்று கேட்க வேண்டும். கரண்டியும் தோசைக் கல்லும் ஒன்றுதானா என்பதையும் கவனியுங்கள். ஆனால் மதுரை சைவக்காரர்களுக்கு ஒன்றுமில்லாத ஊர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோயில் பக்கம் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பமும் மிளகாய்ச் சட்னியும் பல தலைமுறைக்குப் பழக்கமான ருசி. நாயக்கர் காலத்திலிருந்து இங்கே பட்டு நெய்து வாழ்கிற சௌராஷ்டிரர்கள் தெருக்களில் முள்முருங்கை இலை அரைத்துத் தட்டுகிற பச்சை நிற வடை கிடைக்கும். மேலே மிளகாய்ப்பொடி தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு ருசிக்கே போதும்.

9. ஜிகர்தண்டாவைச் சாப்பாட்டுக்கு மேல் குடிக்காதீர்கள்.

பிரியாணி முடித்த கையோடு போய் ஒரு பெரிய கிளாஸ் அடிக்கிறவர்கள்தான் ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது தனியாகவே ஒரு சாப்பாடு. ராத்திரியே ஊற வைத்த பாதாம் பிசின் கண்ணாடி போல உப்பியிருக்கும். கிளாஸில் முதலில் அது, மேலே நன்னாரி சர்பத், பிறகு பழுப்பாகச் சுண்டக் காய்ச்சிக் குளிர வைத்த பால், மேலே ஐஸ்கிரீம், சில கடைகளில் பாசந்தி. பாலின் நிறம் காய்ச்சியதால் வர வேண்டும், அதைக் குடித்தாலே தெரிந்துவிடும். பிசினுக்குப் பதில் கடல்பாசி போடுகிற கடைகளும் உண்டு, ஆனால் பிசினின் வழவழப்பு அதில் வராது. விளக்குத்தூண் பக்கம் சாயங்காலம் நாலரை மணிக்கு, வெறும் வயிறாகவும் இல்லாமல் நிறைந்த வயிறாகவும் இல்லாமல் போய், சின்ன கிளாஸ் வாங்கி, நின்று நிதானமாகக் குடியுங்கள்.

பருத்திப்பாலுக்கு இவ்வளவு விளம்பரம் கிடையாது. என்னைக் கேட்டால் இரண்டில் அதைத்தான் முதலில் சொல்வேன். பருத்திக் கொட்டையை ஊற வைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டுக் கெட்டியாகும் வரை கிண்டியது. தேங்காய்த் துருவல் தூவி, சுடச்சுடத் தம்ளரில் தருவார்கள். தொண்டையில் சுக்கு இறங்குவது தெரியும். வேலைக்குப் போகிறவர்கள் அதைக் குடித்துவிட்டு மதியம் வரை தாங்குவார்கள். வண்டியில் விற்பதால் இடத்தைக் குறித்துக் கொடுக்க முடியாது. காலையில் சீக்கிரம் எழுந்து நடந்தால் எதிரே வரும்.

10. கடைக்காரரிடம் நடந்துகொள்வது.

சில்லறை வைத்திருங்கள். இப்போது தள்ளுவண்டியிலும் ஜிபே இருக்கிறது, ஆனால் கூட்ட நேரத்தில் உங்கள் போனில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்பது பின்னால் இருப்பவருக்கு இடைஞ்சல். ‘அண்ணே’, ‘அக்கா’ என்று கூப்பிடுங்கள். வீடியோ எடுக்க ஆசைப்பட்டால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். சமைக்கிறவரின் வேர்த்த முகம் உலகத்துக்கெல்லாம் போவதை அவர் விரும்புகிறாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து இடம் விடுங்கள். இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

11. மதியம் தூங்குங்கள்.

இரண்டு நாள்தான் இருக்கிறது என்று வெயிலில் அலையாதீர்கள். சித்திரை, வைகாசியில் வந்தால் இது கட்டாயம். வயிறு மந்தமாக இருந்தால் அடுத்த வேளையைக் கைவிட்டு மோர் குடியுங்கள். வயிற்றால் போனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். சர்க்கரை இருக்கிற பெரியவர்களைக் கூட்டி வந்தால் ஜிகர்தண்டாவும் பருத்திப்பாலும் அவர்களுக்கு ஒரு வாய் மட்டும்.

12. அரை நாள் மிச்சம் இருந்தால் அழகர்கோயில்.

ஊருக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் சுமார். அங்கே பிரசாதம் தோசை. பச்சரிசியும் தோல் எடுக்காத கறுப்பு உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, நெய்யில் கனமாகச் சுட்டது. ஓட்டல் தோசையை நினைத்துக்கொண்டு கடித்தால் முதல் வாய் முரடாகத் தெரியும். மெதுவாக மென்றால் உளுந்துத் தோலும் மிளகும் ஒன்றன்பின் ஒன்றாக ருசி தரும். மலையடிவாரத்தில் குரங்குகள் அதிகம், கையில் பிரித்து வைத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

13. ஊருக்குக் கட்டிக்கொண்டு போவது.

ஜங்ஷனுக்குப் பக்கத்தில் பிரேமா விலாஸில் அல்வா சூடாகக் கிடைக்கும். ஒரு துண்டை அங்கேயே இலையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். சில நாள் கெடாது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வரும்போதே ஒரு துணிப்பையும் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவும் எடுத்து வந்தால் கொதிக்கிற குழம்பு பிளாஸ்டிக்கில் இறங்காது. பரோட்டாவைச் சால்னாவோடு ரயிலுக்குக் கட்டாதீர்கள். ஊறிப்போய் மாவாகும், பெட்டி முழுக்க மணக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இட்லிதான் சரி. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி, வாழை இலையில் கட்டச் சொல்லுங்கள். கட்டித் தருகிற அக்கா பழக்கத்தில் சட்னியும் வைக்கப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், திருச்சி தாண்டி நீங்கள் பொட்டலத்தைப் பிரிக்கிறபோது அது புளித்திருக்கும்.